அக்கரை ஆட்டுக்காரன்

அக்கரையில் ஆடு மேய்ப்பவன் எதிரியின் ஒற்றன்தான் என்று வேலப்பன் அடித்துச் சொன்னான். மீனவன் வேடத்தில் கழிமுகத்தைக் கடந்து வேவு பார்த்துவிட்டு வந்த தரைப்படைக்காரன் அவன். ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவன். தழை ஒடிக்க ஒரு துரட்டிகூட இல்லாமல் எவனாவது ஆடு மேய்ப்பானா? அவனிடம் பீடி வாங்கிக் குடித்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

மறுநாள் கூட்டுத் தலைமையகத்திலிருந்து வந்த உத்தரவை மேஜர் தணிகாசலம் படித்தார். "துரட்டி இல்லாம மேய்க்கிற ஆட்டுக்காரன முடிச்சிரணுமாம், அது நம்ம பொறுப்பு. அங்கயே மீனவன் ஒருத்தனும் திரியிறானாம். காஞ்ச வலையத் தோள்ல போட்டுக்கிட்டு அலையிறான்னு கடற்படை ஒற்றன் சொல்லியிருக்கான். அவன அவங்க பாத்துக்குவாங்க."

"ஐயா, அந்த மீனவன் நாந்தான். அங்க என்னப் பாத்தது அந்த ஆட்டுக்காரன் ஒருத்தன்தான். அப்ப அவன் நம்ம கடற்படை ஆளு."

மேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு படையும் கையெழுத்துப் போட்டாச்சேப்பா. மாத்தணும்னா மூணு தளபதியும் மறுபடி கூடணும். வியாழக்கிழமதான் கூடுவாங்க." சற்று யோசித்தார். "அதுக்குள்ள நீ முந்திக்க."

வேலப்பன் வலையைத் தண்ணீரில் நன்றாக முக்கித் தோளில் போட்டுக்கொண்டு படகேறினான். அக்கரையில் ஆட்டுக்காரன் கையில் இன்று துரட்டி இருந்தது.