நாலு கிதார்

கிதார் குழுக்களுக்கு மட்டுமே போட்டி என்று அறிவித்திருந்தார்கள். ஃபிராங்க்ளினுக்குக் குழு இல்லை. காரிமங்கலத்தில் தன் அறைக்குள் உட்கார்ந்து, ஒரே பாட்டுக்கு அவனே நான்கு முறை வாசித்துப் பதிந்தான். ஒரே ஆள் என்று தெரிந்துவிடக் கூடாதே! ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுத்த வேறு கிதார், ஒலியைப் பெருக்க வேறு ஆம்ப். கனத்த ஒலிக்குப் பெரியது, கூர்மைக்குச் சின்னது. நாலையும் ஒன்றாகச் சேர்த்து, நாலு பேர் குழு என்று போட்டிக்கு அனுப்பினான்.

ஒரு வாரத்தில் போட்டி நடத்தும் அமுதவல்லி போன் செய்தார்.

"தேர்வான நாலு குழுவுல உங்களுதும் ஒண்ணுங்க தம்பி. ஞாயித்துக்கெழம நாலு பேரும் மேடைக்கு வந்துருங்க."

"ஒருத்தனுக்குக் காய்ச்சல், மேடம்."

"பரவால்லீங்க, மூணு பேரு வாசிங்க."

"இன்னொருத்தன் வெளியூர் போயிட்டான்."

"ரெண்டு பேரு போதுங்க தம்பி."

"மூணாவது ஆளுக்குக் கையில அடி..."

அதற்கு மேல் அவனிடம் சொல்லப் பொய் மிச்சமில்லை.

"நான் ஒருத்தன்தான் மேடம். நாலையும் நானே வாசிச்சேன். மன்னிச்சிருங்க."

அமுதவல்லி பெருமூச்சு விட்டார். "நீங்களுமா? மத்த மூணு குழுவும் காலையிலயே இதத்தான் சொன்னாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரே ஆளு!"

"அப்ப போட்டி?"

"நீங்க நாலு பேரும் ஒரே குழுவா ஏறிருங்க. மொதப் பரிசு உங்களுக்குத்தான். எதுத்து வாசிக்க வேற குழு எங்க இருக்கு?"