மூன்றாம் ஓலை

“பாதர், வாற ஞாயிறு எங்கட டொறத்திக்கு மூண்டாம் ஓலை வாசிக்க வேணாம். நானே தடை சொல்றன்.”

பங்குத்தந்தை கதிரையைக் காட்டினார். உட்கார்ந்தால் கோபம் தணிந்துவிடுமோ என்று கத்தரினா உட்காரவில்லை.

தடையிருந்தால் சொல்லும்படி கேட்டு இரண்டு ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. ஊரில் ஒருவரும் தடை சொல்லவில்லை. இப்போது பெண்ணைப் பெற்றவளே வந்து நிற்கிறாள்.

“றொபி நல்ல பிள்ளைதானே அக்கா. கற்பிட்டியில இருந்து சிலாபம் வரைக்கும் அவன்ட பொப் பாட்டு இல்லாத கல்யாண வீடு இருக்கா?”

“அந்தத் தேன் குரலுக்குத்தான் நானும் ஏமாந்தன். இதைப் பாருங்க.”

போனை நீட்டினாள். யாரோ அனுப்பிய பழைய வீடியோ. மீன் ஐஸ் பெக்டரிக்குள் எடுத்தது. தோளைத் தொடும் முடி, மண்டையோடு போட்ட கறுப்பு ரீசேட், கையில் கிற்றார். மாப்பிள்ளை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவன், முகமே தெரியாமல் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, டிரம்ஸை அடித்து நொறுக்கினான்.

“ஹெவி றொக்காம். பேயாட்டம் பாதர் இது.”

பாதர் கண்ணெடுக்காமல் பார்த்தார். விரல்கள் மேசையைத் தட்டின. அவருக்கும் கோபம் ஏறுகிறது என்று கத்தரினாவுக்குத் திருப்தியாக இருந்தது.

“டொறத்தி என்ன சொல்றாள்?”

“கதவைப் பூட்டிக்கொண்டு அழுறாள். அழட்டும்.”

“றொபி?”

“‘ஓம் மாமி, நான்தான்’ எண்டு கூசாமச் சொல்றான். பின்னால இருக்கிறவன் யாரெண்டு கேட்டா மட்டும் வாய் திறக்கிறான் இல்ல. கல்யாணம் நிண்டாலும் சொல்ல மாட்டானாம். எவ்வளவு பெரிய காவாலியா இருந்தா இப்பிடி மறைப்பான்?”

“அந்தக் காவாலியைக் கண்டா என்ன செய்வீங்க?”

“கோயில் படி மிதிக்க விட மாட்டன். உங்களை மாதிரி வானத்துச் சம்மனசு பூசை வைக்கிற இடம் அது. நீங்க பாட்டுப் பூசை பாடினா எனக்குக் கண்ணீரே வந்திடும் பாதர்.”

பாதர் போனைத் திருப்பிக் கொடுத்தார். வீடியோ நின்ற பிறகும் அவர் விரல்கள் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

“இனி அந்தக் காவாலியை மறிக்கேலாது அக்கா. போன ஞாயிறும் அவன்ட கையாலதான் நற்கருணை வாங்கினீங்க. மூண்டாம் ஓலையையும் அவன்தான் வாசிப்பான்.”