ஐந்தாம் குரல்

நாடகம் எந்த ஊரில் நடந்தாலும், மாதையன் வெகுநேரம் முன்பே வந்து மேடையேறிவிடுவார். பார்வையற்ற ரசிகர்களுக்காக அந்தக் குழு செய்திருந்த ஏற்பாடு அது. திரை விலகுமுன் நாற்காலி, சன்னல், கத்தி யாவற்றையும் தொட்டறிந்து கொள்ளலாம்.

மற்றவர்கள் முதலில் கத்தியைத் தேடுவார்கள். அவர் தொலைபேசியைத் தேடுவார். உறங்கும் பிள்ளையின் தலையைத் தொடுவதுபோல் அதன்மேல் கைவைத்து நிற்பார்.

மூன்றாம் காட்சியில், கொலை நடந்த வீட்டில், அந்தத் தொலைபேசி ஒலிக்கும். செத்துப்போனவன் அதிலிருந்து பேசுவான்.

"கதவத் தாழ் போட்டுடாதீங்க. நான் வந்துகிட்டே இருக்கேன்."

ஒலிப்பதிவுதான். ஆயினும் அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும். மாதையனின் உதடுகள் மட்டும், சத்தமே இல்லாமல், 'சரி' என்று அசையும்.

சர்க்கரை நோய் கண்ணைப் பறிக்கும்வரை அவர் ஒரு நாடகமும் பார்த்தவரல்லர். பார்வையற்றோர் சங்கத்தார் வற்புறுத்தி அழைத்துவந்த முதல் நாளில் அந்த வரியைக் கேட்டார். பிறகு ஒரு நாளும் விட்டதில்லை. எங்கே நாடகமென்றாலும் தம் ஊரான காரிமங்கலத்தில் பேருந்து ஏறிவிடுவார்.

"கொலைகாரன் யாருன்னு எங்களவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும் மாமா. அடுத்த ஊர்ல என் வேஷத்த நீங்களே கட்டிக்குங்க, எனக்கு லீவு வேணும்" என்பான் துப்பறிவாளனாக நடிக்கும் முருகேஷ்.

மாதையன் சிரித்துவைப்பார். அந்தக் குழுவினர் முன் அவர் வாய் திறந்ததே இல்லை.

அன்று பாப்பாரப்பட்டிக் கல்யாண மண்டபத்தில் நாடகம். தொலைபேசி இருந்த இடத்தில் இருந்தது. திரைக்குப் பின்னால் யாரோ ஓர் இளைஞன் அதே வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய பதிவு ஒரே இரைச்சலு. இன்னையிலிருந்து புதுக் குரல். பழச அழிச்சுடலாம்" என்று இயக்குநர் குரு யாரிடமோ சொன்னார்.

மாதையன் தொலைபேசியை இறுகப் பற்றிக்கொண்டார்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். கதைகளில் நரிக்கும் காகத்துக்கும்கூடப் பேச வாய் இருக்கிறது. அந்நேரம் அவருக்கு வாய் இல்லை.

குரல் அறிமுகம் தொடங்கியது. கேட்பவர்கள் ஆளை மாற்றி எண்ணிவிடாதிருக்க, நடிகர்கள் ஒவ்வொருவராய் முன்வந்து தம் பெயரும் வேடமும் சொல்வது அக்குழுவின் வழக்கம். நால்வர் சொல்லி முடித்தனர். தொலைபேசிக் குரலுக்கு இதுவரை அறிமுகம் இருந்ததில்லை, சொல்ல ஆளில்லை. இன்று ஒருவன் தொண்டையைச் செருமினான்.

"நான் கலைமணி. செத்துப்போறவரோட குரல்..."

"இல்லீங்க!"

மாதையன் எழுந்து நின்றிருந்தார். "அந்தக் குரலு இவருது இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். பின் சிரிப்பு அடங்கியது. மேடையிலிருந்து செருப்புச் சத்தம் ஒன்று இறங்கி, அவரெதிரே வந்து நின்றது.

"ஐயா..." என்றார் குரு. "உங்க குரல நான் ஒரு தடவ போன்ல கேட்டிருக்கேன். அந்தப் பதிவுல பேசினவன் செத்த அன்னைக்கு, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகிட்டு. 'அப்படி யாரும் இந்த வூட்டுல இல்லீங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டீங்க. அவனுக்குக் கொள்ளி வெச்சது நானுங்க."



குரு ஒலிவாங்கியை அவர் கையில் வைத்தார்.

மாதையன் அதை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். மேடையில் கூத்தாடுகிறவன் வீட்டுக்கு வேண்டாம் என்று என்றோ தெருவறிய உரக்கக் கத்திய அதே தொண்டை, இப்போது மண்டபமெங்கும் ஒலித்தது.

"அவன் பேரு மாதேஷ். செத்துப்போறவனா வர்றான்."

ஒலிவாங்கியை வாயருகே இன்னும் நெருக்கிக்கொண்டார்.

"நான் பெத்த மகனுங்க. இல்லேன்னு சொன்னது பொய்யுங்க."