கம்பத்தில் கட்டாத கொடி

மதிய வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. செயற்கைக்கோள் கொண்டு நிலத்தின் நகர்வை அளப்பவள், கையால் வெயிலை மறைத்துப் பார்க்கிறாள். அவள் வீட்டு மொட்டைமாடி ஆன்டெனாவின் புள்ளி காலையிலிருந்து கடல் பக்கமாக நகர்கிறது. எரிச்சலோடு அலுவலகத்திலிருந்து கணவனுக்குப் போன் செய்கிறாள். "மறுபடியும் ஆன்டெனா கம்பத்துலயே துணிக்கொடி கட்டிட்டீங்களா? தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு." "ஐயோ, இல்லம்மா! துணி இன்னும் மெஷின்லயே கிடக்கு." அவனுக்குப் பின்னால் மகள் சிரிப்பது கேட்கிறது. திரையில் பக்கத்து ஊர்ப் புள்ளியும் நகர்கிறது; அதற்கடுத்த ஊருடையதும், அதே பக்கம். மூன்று ஊரிலுமா கம்பத்தில் துணி காயப்போடுவார்கள்? நகர்வது கம்பமல்ல, நிலமே; பெரிய நிலநடுக்கத்துக்கு முன் சில சமயம் இப்படித்தான் சத்தமில்லாமல் நழுவும். மேசைமேல் தம்ளர் தண்ணீர் துளியும் அலுங்காமல் நிற்கிறது. தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "பாப்பாவைத் தூக்கிட்டு வெட்டவெளிக்கு ஓடுங்க. செருப்பெல்லாம் வேண்டாம்."