நடுவில் அமலி

“நான் இங்க வந்திருக்கிறது உன் மகளுக்குத் தெரியக் கூடாது அமலி, சொல்லிட்டேன்!”

போனில் எபினேசரின் குரலோடு கடலும் சேர்ந்து இரைந்தது.

“ஆபீஸ் வேலையா ஜெய்ப்பூர் போயிருக்கீங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்” என்றாள் மனைவி அமலி. ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடிந்து டெல்லி மயூர் விஹார் வீட்டுக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

“கோடை முகாமுக்குப் போறேன்னு அவ உன்கிட்ட கேட்டப்ப, வயசுப் பொண்ணு டென்ட்ல தங்கக் கூடாதுன்னு கத்தினவன் நான். இப்ப நானே டென்ட்ல கிடக்கேன். தெரிஞ்சா மானம் போயிடும்.”

“டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கறீங்க. பாதை எப்படி?”

“பூம்புகார்லருந்து அந்தக் காலத்து வியாபாரிங்க நடந்து போன கடற்கரை வழியாம். மணல்ல கால் புதையுது. நீ சொன்னேன்னு வந்தேன் பாரு! இன்னிக்கு ராத்திரி தரங்கம்பாடிக் கோட்டைகிட்ட தங்கறோம்... அவ எங்க?”

“முனிர்கால, அவ ஃப்ரெண்ட் சுபிக்ஷா ரூம்ல. பரீட்சைக்குப் படிக்கிறா.”

“நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.”

“நீங்களே சொல்லலாமே?”

“நீ சொல்லு!” வைத்துவிட்டார்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பாங்க் வேலையை விட்டுவிட்டு வந்தாள் ஜெனி. அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, ‘அவகிட்ட சொல்லு’, ‘அவர்கிட்ட சொல்லு’ என்று எல்லாமே அமலி வழியாகத்தான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதே தேவலை என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

கூலரைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். மறுபடியும் போன். ஜெனி.

“மம்மி, டாடி பேசினாரா? ஜெய்ப்பூர்ல வெயில் பயங்கரமாமே.”

“பேசினார். உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்.”

“அச்சா? அவர் பிரஷர் மாத்திரை போட்டாரான்னு கேளு மம்மி.”

“நீயே கேளேன்.”

“அரே, நீ கேளு மம்மி! நான் இங்க இருக்கிறது மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது.”

“சரி, எங்க இருக்கே இப்போ?”

“காரைக்கால் தாண்டியாச்சு. சாயந்திரம் தரங்கம்பாடிக் கோட்டை. அங்க பூம்புகார்லருந்து வர்ற பெரியவங்க குழுவோடதான் சாப்பாடு, தங்கறது எல்லாம்.”

“பத்திரமா நட” என்றாள், இரண்டு பேருடைய பெயரையும் ஒரே நாளில் ஒரே முகாமுக்குக் கொடுத்திருந்த அமலி. பிறகு போனை அணைத்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்தாள்.