நாலு கூட்டம், நாலு தாமதம்

"தத்துவம் வந்தாச்சா?"

என்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார். தலைமை நர்ஸ் இல்லையென்று தலையாட்டினார்.

இது நாலாவது கூட்டம். நாலுக்கும் இதே கதைதான். இத்தனைக்கும், முதல் டயாலிசிஸ் தொடங்குகிற எட்டு மணிக்கே கூட்டம் வைக்கச் சொன்னது அந்தத் 'தத்துவம்'தான்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு முறை ஒதுக்க என்ஜினியர் எழுதிய ப்ரோக்ராம், திங்கட்கிழமை ஓடத் தொடங்க வேண்டும். ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. நியாயம் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டுமென்று, கல்லூரியில் தத்துவம் நடத்துகிற பெண்ணைப் பிடித்து வந்து அவர் தலையில் கட்டியிருந்தது ஆஸ்பத்திரி நிர்வாகம்.

எட்டு நாற்பதுக்குக் கதவு திறந்தது.

"மன்னிச்சுக்கங்க சார். பஸ் லேட்."

"தத்துவம் படிச்சா கேள்வி வரும் மேடம். பஸ் வராது."

அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் விஷயத்துக்கு வந்தாள்.

"மூணு தடவை லேட்டா வந்த பேஷண்ட்டைக் கடைசிக்குத் தள்ளுதே, அதை மட்டும் எடுத்துடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"இருக்கறது எட்டு மெஷின். காத்திருக்கறது அறுபது பேர். ஒருத்தர் வர்ற வரைக்கும் மெஷின் சும்மா கிடக்கணுமா? நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கறவன் என்ன பாவம் பண்ணினான்?"

"கடைசிக்குப் போனவருக்கு ரெண்டு நாள் தள்ளிப்போனா உயிரே போயிடலாம் சார்."

"அந்த பயம் இருந்தா நேரத்தோட வரட்டும்."

அவள் கம்ப்யூட்டரைக் காட்டினாள். "சரி, என் பேரைப் போட்டுப் பாருங்க."

கரும்பு தின்னக் கூலியா? நாலு கூட்டத்துக்கும் அவள் வந்த நேரத்தை என்ஜினியர் தட்டிவிட்டார். திரையில் சிவப்பாக வந்ததை வாய்விட்டு வாசித்தார்.

"அலட்சியமானவர். கடைசிக்கு மாற்றப்பட்டார்."

"காரணம் சொல்ல இதுல எங்க சார் இடம்?"

"இடமே கிடையாது. லேட்டுன்னா லேட்டுதான்."

"அப்ப நானும் சொல்லல."

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என்ஜினியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்தீங்களாக்கா? உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். இவ ஒரு மணி நேரம் முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்பினா என்ன குறைஞ்சா போயிடுவா?"

தலைமை நர்ஸ் ஜன்னலைத் திறந்தார். கீழே அவள் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கத்துப் பச்சை கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது.

"அதுதான் தம்பி அவ வீடு."

"எதிர் வீடா? அப்புறம் எதுக்கு பஸ்?"

"கூட்டம்னா அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே வண்டி பிடிச்சு, நம்ம பேஷண்ட்டுங்க ஏறுற கடைசி ஸ்டாப்புக்குப் போயிடறா. அவங்களோட முதல் பஸ்ல ஏறி, வழியில ரெண்டு பஸ் மாறி வந்து இறங்கறா. நாலு நாள்ல ஒரு நாள்கூட எட்டு மணிக்கு வந்து சேர முடியல. பேஷண்ட்டுங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

திரையில் அவள் பெயர் இன்னும் சிவப்பாகவே இருந்தது. என்ஜினியர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த முதல் பஸ் எத்தனை மணிக்குக்கா?"