போர்வையின் நுனி

வார்டில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் சாமி புறப்பாடு மாதிரி மாணவர் கூட்டம். பூவாத்தாளின் கட்டிலருகே நின்று, "அம்மா, உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கலாமா?" என்று குழைந்தார். அவள் அவர் கையைப் பார்த்தாள். நேற்றுவரை கேட்காமலே அமுக்கிய கை, இன்றைக்கு எதற்கு அனுமதி கேட்கிறது?

"பார்த்தீங்களா, நோயாளியோட விருப்பம்தான் முதல்ல" என்று அவர் மாணவர்களிடம் திரும்பியபோது, கை போர்வையைப் பாதி விலக்கியிருந்தது. அவள் நுனியைப் பற்றிக்கொண்டாள்.

"இத்தன பேரு முன்னால வேண்டாமுங்க."

யாரோ ஒரு மாணவி களுக்கென்றாள். டாக்டர் குனிந்து, பல்லைக் கடித்தபடி சிரித்தார். "கேட்டா சரின்னு சொல்லணும்மா. அதான் முறை."

"அப்படீங்களா? அப்ப இன்னொருக்கா கேளுங்க" என்ற பூவாத்தாள், போர்வையின் நுனியைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.